குதிகாலில் ஒரு சொட்டு

விமலாவுக்குப் பயப்படக் காரணம் தேவையில்லை. காரணம் எதுவும் இல்லாத நாளில்தான் அவளுக்குப் பயம் அதிகம். ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் இருக்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால், அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று பாதி வழியில் மோட்டார் சைக்கிளைத் திருப்பச் சொல்வாள். தர்மாவும் முணுமுணுத்துக்கொண்டே திருப்புவான். எட்டு வருடத் தாம்பத்தியத்தில் அந்த அடுப்பு ஒரு தடவைகூட எரிந்துகொண்டிருந்தது கிடையாது. "ஒரு நாளைக்கு உன்னைய தஞ்சோங் ரம்புத்தான்லயே கொண்டுபோய் விட்டுட்டு வாரேன் பாரு" என்பான். பெரிய மனநல மருத்துவமனை அந்த ஊரில் இருப்பதால் ஈப்போக்காரர்கள் எல்லாரும் சொல்கிற கேலிதான் அது. விமலாவும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்து முடித்ததும், நிஜமாகவே அப்படி ஆகிவிடுமோ என்ற பயத்தையும் எடுத்து மற்ற பயங்களோடு அடுக்கி வைத்துக்கொள்வாள்.

அவள் வேலை செய்கிற கையுறைத் தொழிற்சாலையில் மட்டும் அந்தக் குணத்துக்கு மரியாதை இருந்தது. ரப்பர் கையுறையில் காற்றடைத்து, விளக்கில் பிடித்து, ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அடுத்தவர் கண்ணில் படாத துளை விமலாவின் கண்ணில் படும். வருடக் கடைசியில் அதற்காக ஒரு சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.

இரண்டு கரு தங்காமல் போய் மூன்றாவதாக உண்டானபோது, ஆறாம் மாதத்தில் அவளுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி என்றார்கள். சோற்றைக் குறைத்தாள், விரலைக் குத்திக் குத்திச் சோதித்தாள், ஒன்பது மாதத்தை எப்படியோ ஓட்டினாள். ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் பெண் பிள்ளை பிறந்தது. மூன்று கிலோ எண்ணூறு. தலை நிறைய முடி.

பிள்ளை பிறந்ததோடு குத்துவது நிற்கவில்லை. தாயின் விரலிலிருந்து பிள்ளையின் குதிகாலுக்கு மாறியது. தாய்க்கு இனிப்பு நீர் இருந்தால், வயிற்றுக்குள் ஏகப்பட்ட சர்க்கரைக்குப் பழகிய பிள்ளைக்கு வெளியே வந்ததும் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாமாம். இறங்குவது தெரியாமல் விட்டால் வலிப்பு வரும், மூளையைப் பாதிக்கும். அதனால் பால் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டு புள்ளி ஆறுக்கு மேல் இருக்க வேண்டும். முதல் தடவை இரண்டு புள்ளி இரண்டு. பால் கொடுத்த பிறகு இரண்டு புள்ளி ஏழு. தொடர்ந்து சில தடவை நல்ல எண் வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார் இளம் சீன டாக்டர். ஒவ்வொரு குத்துக்கும் பிள்ளை முகம் சிவந்து, கைகளை விரித்து, மூச்சே நின்றுபோகிற மாதிரி வீறிட்டது. 

அந்தச் சமயத்தில்தான் முஹ்ஸினா வந்தாள். பாரிட் புந்தார் ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண், ஆராய்ச்சித் தாதி. தாதி என்றால் அங்கே எல்லாருக்கும் 'மிஸ்ஸி'தான். பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது, துணி மாற்றும்போது, குத்தும்போது அவை உள்ளுக்குள் எவ்வளவு தவிக்கின்றன என்று அளந்து பார்க்கிற ஆராய்ச்சியாம். குத்தாத காலின் பாதத்தில் சிறிய ஒட்டு ஒன்றை ஒட்டுவாள். தோலில் ஊறுகிற வியர்வையை வைத்து அது கையடக்கத் திரையில் ஒரு கோடு போடும். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சி வைத்து எச்சிலும் எடுப்பாள். பதற்றத்தில் ஊறுகிற ஒரு சுரப்பு அதில் தெரியுமாம். எச்சில் எடுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் பிள்ளையின் வாயில் எதையும் வைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. மாட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டே விமலா ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அன்று காலை குத்தியபோது கோடு விருட்டென்று மேலே ஏறியது. விமலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப உசரமா இருக்கே மிஸ்ஸி."

"எல்லாப் பாப்பாவுக்கும் ஏறும்க்கா. இதுல பாஸ், ஃபெயில் எல்லாம் இல்ல. பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்று சொல்லி விமலா எப்போது கேட்டிருக்கிறாள்? பிள்ளையின் மூக்கு தர்மாவுடையது, நெற்றி தர்மாவுடையது. நரம்பு மட்டும் தன்னுடையது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. இதுவும் காலமெல்லாம் அடுப்பை அணைத்தோமா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கப் போகிறது. அதை இப்போதே ஒரு இயந்திரம் எழுதி வைத்துவிட்டது. படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

அழுது முடித்ததும் நாத்தனார் சாந்தினிக்கு, தர்மாவின் அக்காவுக்குப் போன் போட்டாள்.

அவர்கள் பக்கத்தில், பிறந்த பிள்ளைக்கு முதன்முதலாக யார் கையால் சீனித் தண்ணி தொட்டு வைக்கிறார்களோ, அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை. தோட்டம் போய், ரப்பர் மரங்கள் போய், அங்கே தாமான்கள் என்று வரிசை வீட்டுக் குடியிருப்புகள் வந்த பிறகும் அது போகவில்லை. பதறாத குணத்துக்கு ஆள் தேடினால் குடும்பத்தில் சாந்தினியை விட்டால் வேறு ஆள் கிடையாது. ஒரு தீபாவளி அன்று குக்கர் மூடி பிய்த்துக்கொண்டு போய்க் கூரையில் இடித்து, சமையலறை முழுக்கப் பருப்பு வழிந்தபோது, "சரி, வெளியில போய் சாப்பிடலாம்" என்று கைப்பையைத் தேடியவள் அவள். ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் விடமாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அதனால் பார்வையாளர் நேரத்தில், கழுவிய இருமல் மருந்துப் போத்தல் ஒன்றில் பாகு மாதிரி கெட்டியாகக் கரைத்து எடுத்து வந்தாள். திரையை இழுத்துவிட்டு, ஆள்காட்டி விரலை நனைத்து, மூன்று தடவை நாக்கில் வைத்தாள். பிள்ளை சப்புக்கொட்டியது. சாந்தினிக்குச் சிரிப்பு வந்தது.

"இனிமே என்னைய மாதிரி தூங்குவா பாரு."

மதியம் குத்தியபோது பிள்ளை லேசாகத்தான் சிணுங்கியது. கோடு பாதி உயரம்கூட ஏறவில்லை. விமலாவால் நம்ப முடியவில்லை. இனிப்பு நாக்கில் பட்டால் எந்தப் பிள்ளைக்கும் வலி கொஞ்சம் மட்டுப்படும் என்பது அவளுக்குத் தெரியாது. சாந்தினியின் கைராசி என்றே நினைத்தாள்.

போத்தல் தலையணைக்கு அடியில் இருந்தது. வழக்கப்படி பார்த்தால் முதல் தடவை வைத்ததோடு சடங்கு முடிந்தது. ஆனால் பயந்தவர்களுக்கு ஒரு தடவை போதுமா? முஹ்ஸினாவோ வார்ட் தாதியோ தள்ளுவண்டியோடு வருகிற சத்தம் கேட்டதும் விமலா விரலை நனைத்துப் பிள்ளையின் வாயில் வைத்துவிட்டு, விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பிறகு பிள்ளையின் குதிகாலைக் கைக்குள் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். கால் சூடாக இருந்தால் ரத்தம் உடனே வரும், இரண்டாம் தடவை குத்த வேண்டியிருக்காது என்று வார்ட் தாதி சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த வேலையை விமலா ஒரு தவம் மாதிரி செய்தாள். தாதி வந்து, மருந்துப் பஞ்சால் ஒரு தடவை துடைத்துவிட்டுக் குத்துவார்.

நான்கு புள்ளி நான்கு. அடுத்தது நான்கு புள்ளி ஒன்பது. அதற்கடுத்தது ஐந்து புள்ளி இரண்டு.

நாளைக் காலையில் ஒன்று பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம் என்றார் டாக்டர். தர்மா வீட்டுக்குப் போய்த் தொட்டிலைக் கழுவிக் காயப்போட்டான். அன்று இரவு விமலா ஐந்து மணி நேரம் தூங்கினாள். அப்படித் தூங்கி எத்தனையோ மாதமாகியிருந்தது.

மறுநாள் காலையில் பிள்ளை பாலுக்கு எழவில்லை. கன்னத்தைத் தட்டினாள், காதைத் திருகினாள், நெற்றியில் ஈரத் துணி வைத்தாள். வாயைத் திறந்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, பால் உதட்டோரம் வழிய மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது. துணியை விலக்கியபோது வலது கை மட்டும் வெடவெடவென்று ஆடியது. கொஞ்ச நேரத்தில் நின்றது. பிறகு மறுபடியும் ஆடியது.

வார்ட் தாதியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் வந்தபோது கை ஆடவில்லை. பிறந்த பிள்ளைகள் அப்படித் திடுக்கிடும், சீனி அளவெல்லாம் நன்றாக இருக்கிறதே என்று அட்டையைக் காட்டிவிட்டுப் போனார். பையோடு வந்து சேர்ந்த தர்மா பிள்ளையைப் பார்த்து, "அக்கா மாதிரியே தூங்குறா பாரு" என்று மகிழ்ந்துபோனான். விமலா கை ஆடியதைச் சொன்னாள். அவன் அவள் தோளைத் தொட்டான்.

"விமலா, டாக்டரே போலாம்னுட்டாரு. நீ கொஞ்சம் சும்மா இரு."

அவன் அன்பாகத்தான் சொன்னான். விமலாவும் சும்மா இருக்கத்தான் பார்த்தாள். இந்த ஒரு தடவையாவது பைத்தியம் மாதிரி நடந்துகொள்ளக் கூடாது, பிள்ளை எதிரில் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அவளுக்குள் ஏதோ ஒன்று உட்காரவே மாட்டேன் என்றது. பழைய பயங்கள் வயிற்றில் புரளும். இது நெஞ்சில் கல்லாக இறங்கி அசையாமல் கிடந்தது.

கடைசிக் குத்துக்கு முஹ்ஸினாவும் வந்தாள். தள்ளுவண்டி சத்தம் கேட்டதும் விமலாவின் விரல் தானாகப் போத்தலுக்குப் போனது. பிறகு குதிகாலுக்குப் போனது. தாதி குத்தினார். பிள்ளை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. முஹ்ஸினா ஒட்டைப் பிய்த்து வேறு ஒட்டு ஒட்டினாள். அதே கோடுதான்.

"நூறு பாப்பாவுக்கு மேல பாத்துட்டேன்க்கா. இப்படி ஒன்னு பாத்ததில்ல."

அவள் குரலில் பாராட்டு இல்லாததை விமலா கவனித்தாள். சீனி அளவு பார்க்கிற கருவியில் ஐந்து புள்ளி ஆறு என்று வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் முஹ்ஸினாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. எதற்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்று வெளியே போனாள். தர்மா டிஸ்சார்ஜ் காகிதத்தில் கையெழுத்துப் போடப் போனான்.

விமலா பிள்ளைக்குக் காலுறை மாட்ட உட்கார்ந்தாள். குத்திய குதிகாலில் ஒரு எறும்பு.

சின்னது, சிவப்பு. ஊதினாள், விழுந்தது. இன்னொன்று வந்தது. தலையணைக்கு அடியிலிருந்து விரிப்பு மடிப்பின் வழியாக ஏழெட்டு எறும்புகள் வரிசையாக வந்து, நேராகப் பிள்ளையின் பாதத்தில் ஏறிக்கொண்டிருந்தன. போத்தல் மூடி சரியாகத் திருகப்படவில்லை. அங்கே எறும்பு மொய்ப்பது நியாயம். வாயோரத்தில் மொய்த்தால்கூட நியாயம். குதிகாலில் என்ன வேலை?

ஊசித்துளை தேடிப் பழகிய கண் அந்தக் கேள்வியை விடவில்லை. விமலா குனிந்து பிள்ளையின் குதிகாலை நாக்கால் தொட்டாள். இனித்தது.

ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. விரலைத் துணியில் துடைத்தால் பாகு போய்விடுமா? அந்தக் கையால்தான் தேய்த்தாள். ஒரு தடவை பஞ்சால் துடைத்தாலும் தோலில் ஒட்டியிருந்தது. ரத்தம் அதில் கலந்துதான் கருவிக்குப் போயிருக்கிறது. நான்கு புள்ளி நான்கும் ஐந்து புள்ளி ஆறும் பிள்ளையின் எண்கள் இல்லை, போத்தலின் எண்கள். அப்படியானால் பிள்ளைக்கு உள்ளே எவ்வளவு இருக்கிறது? நேற்று மதியத்திலிருந்து எவ்வளவு இருந்தது?

 சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு முழுப் படமே கண் முன்னால் ஓடியது. விதியை மீறி, ஆஸ்பத்திரியை ஏமாற்றி, பெற்ற பிள்ளையைத் தானே சாகடிக்கப் பார்த்தவள் என்று எழுதுவார்கள். சமூக நலத் துறைக்குச் சொல்வார்கள். இவளுக்கு மனநிலை சரியில்லை என்று பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு அவளை அனுப்பவேண்டிய இடத்துக்கு அனுப்புவார்கள். அந்த இடத்தின் பெயரைச் சொல்லித்தானே எட்டு வருடமாக எல்லாரும் சிரித்தார்கள். பேசாமல் குதிகாலைக் கழுவிவிட்டு, பிள்ளை சரியில்லை, இன்னொரு தடவை பாருங்கள் என்று மட்டும் கேட்டால் என்ன? கேட்கலாம். நன்றாகத்தான் இருக்கிறது, சும்மா இருங்கள் என்பார்கள். காலையிலிருந்து அதைத்தானே சொல்கிறார்கள்.

பிள்ளையின் கை மறுபடியும் ஆடியது.

விமலா பிள்ளையை வாரியெடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடைபாதையில் ஓடினாள். பிரசவத் தையல் இழுத்ததுகூடத் தெரியவில்லை. மேசையருகில் டாக்டரும் முஹ்ஸினாவும் நின்றார்கள். தர்மா பேனாவோடு நின்றான். மலாயில் சொல்ல வாயெடுத்து, சொல் வராமல், தமிழிலேயே கொட்டினாள்.

"மிஸ்ஸி, அந்த நம்பரெல்லாம் பொய். நான் சீனித் தண்ணி வெச்சேன். அதே கையால கால தேய்ச்சேன். கால்ல இனிப்பு இருக்கு மிஸ்ஸி, நான் நக்கிப் பாத்தேன்."

தர்மா அவள் பெயரைச் சொல்லிப் பக்கத்தில் வந்தான், வழக்கமான சமாதானக் குரலில். முஹ்ஸினா அவனைக் கையால் நிறுத்தினாள். டாக்டரிடம் மலாயில் வேகமாக நாலு வாக்கியம் சொன்னாள். டாக்டர் விமலாவை ஒரு முறை பார்த்தார். பிறகு பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

தொட்டியில் இரண்டு பாதங்களையும் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். துடைத்தார்கள். இதுவரை குத்தாத காலில் குத்தினார்கள். பிள்ளை அசையவில்லை. கருவி எண்ணிக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகள் விமலா எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. கும்பிடத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாள்.

ஒன்று புள்ளி ஒன்று.

அதன் பிறகு யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பிள்ளையைப் பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கதவு கண்ணாடி வழியாக டாக்டரின் முதுகும் பிள்ளையின் ஒரு பாதமும் மட்டும் தெரிந்தன. உள்ளே பேசிக்கொண்டது காதில் விழுந்தது: ஒரு கையில் நரம்பு கிடைக்கவில்லை, மறு கையில் குத்தினார்கள், அதிலும் கிடைக்காமல் புறங்காலில் குத்தினார்கள். ஒவ்வொரு குத்துக்கும் விமலா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளை அழுகிற சத்தம் இல்லை. நேற்றுவரை எதைக் கேட்கக் கூடாது என்று பாடுபட்டாளோ, அதற்காக இப்போது கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். தர்மா பக்கத்தில் நின்றான். அவன் கேலியாகவும் பேசவில்லை, ஆறுதலாகவும் பேசவில்லை. "காலையில நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னான்.

நரம்பு கிடைத்தது. சர்க்கரை ஏறியது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு அது பெரிதாகி, கோபமாகி, நன்றாகவே வீறிட்ட அழுகையாயிற்று. விமலா அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

முஹ்ஸினா வெளியே வந்து அவள் பக்கத்தில் குந்தினாள். வலிப்பு எதுவும் வரவில்லை, டாக்டர் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார், இன்னும் இரண்டு மூன்று நாள் இங்கேதான் இருக்க வேண்டியிருக்கும் என்றாள். விமலா தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டாள். நடந்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள், சரியான நேரத்தில் அம்மா சொன்னார் என்பதையும் எழுதியிருக்கிறார்கள் என்றாள் முஹ்ஸினா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்க வீட்லயும் பொறந்த பிள்ளைக்குப் பேரீச்சம்பழத்த மென்னு அண்ணத்துல தடவுவாங்கக்கா. என் தம்பிக்கு நானே கிட்ட நின்னு பாத்திருக்கேன். உங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. அந்தக் கோடு படுத்துக் கெடந்தப்பவே நான் ஓடியிருக்கணும்."

விமலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அரை மணி நேரம் கழித்து உள்ளே வரச் சொன்னார்கள். முழங்கை வரை மூன்று தடவை கழுவினாள். பிள்ளை கண்ணாடித் தொட்டிலில் புறங்காலில் குழாயோடு கிடந்தது, கண் திறந்திருந்தது. பரிசோதிக்க மறுபடியும் குத்த வேண்டும். தாதி குதிகாலைத் துடைத்துக் குத்தினார். பிள்ளை உடம்பையே வில்லாக வளைத்து அலறியது. அடுத்த தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையும் எழுந்து சேர்ந்துகொண்டது. மூன்று புள்ளி நான்கு என்று தாதி சிரித்த முகத்தோடு காட்டினார். நல்ல எண்தான், அம்மா இனிமேல் கவலைப்பட வேண்டாம் என்றார்.

விமலா அந்த எண்ணைப் பார்த்தாள். நேற்று முழுக்க இப்படி ஒரு எண்ணைத்தான் நம்பியிருந்தாள்.

"மிஸ்ஸி, சோப்புப் போட்டு கழுவிட்டு இன்னொரு தடவ பாருங்க."

ஏற்கெனவே கழுவியிருக்கிறோம், எதற்குப் பிள்ளையை வீணாக வலிக்க வைக்க வேண்டும் என்று தாதி தயங்கினார். தர்மா சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தான். விமலா பிள்ளையின் பாதத்தைக் கழுவினாள். விரல் இடுக்கெல்லாம் கழுவி, சுத்தமான துணியில் ஒற்றினாள்.  அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்த பிள்ளை அவளையே பார்த்தது. அந்தக் குட்டிக் காலை நகராமல் பிடித்துக்கொண்டு, தாதியைப் பார்த்து, "குத்துங்க" என்றாள்.